பெரியப்பாவின் ஆஸ்டின் சக்கரங்கள்

உங்கள் வீட்டுக் கொட்டகையில் பழைய மோட்டார் கார் ஒன்று தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு தூங்குகிறதா? இல்லையென்றால் நீங்கள் பாக்கியசாலி. இதை வேடிக்கையாகப் படித்துவிட்டுத் தொடர்கதைப் பக்கத்துக்குப் போய்விடலாம். இருக்கிறதென்றால் கொஞ்சம் உட்காருங்கள். அந்தக் காரின் சக்கரத்தில் பளபளவென்று மின்னுகிறதே குரோமியப் பூச்சு, அதை அப்படியே நம்பிவிடாதீர்கள். துருப்பிடித்துவிட்டதே என்று கோபித்துக்கொண்டு அதன் தலையில் ஆஸிட்டையும் ஊற்றிவிடாதீர்கள். இரண்டையும் செய்துவிட்டு வந்தவன் சொல்கிறேன்.

என் பெரியப்பாவின் வீடு புழலில், ஏரிக்கரைக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. புழல் என்று சொன்னால் இப்போதெல்லாம் ஜனங்கள் சிறைச்சாலையை நினைத்துக்கொண்டு நம்மை ஒரு மாதிரி பார்க்கிறார்கள். மத்தியச் சிறை 2006-ல் குடிவந்த புது மனுஷன். ஏரி 1876-ல் கட்டியது. 3,300 மில்லியன் கன அடி தண்ணீர் பிடிக்கும். சென்னையில் குழாயைத் திறந்து முகம் கழுவும் பல லட்சம் பேர், தங்களுக்குத் தெரியாமலே எங்கள் பெரியப்பாவுக்கு அண்டை வீட்டுக்காரர்கள்.

அந்த வீட்டின் பின்புறத்துக் கொட்டகையில்தான் ஆஸ்டின் ஏ-40 நிற்கிறது. ஆஸ்டின் என்றதும் சீமையிலிருந்து கப்பலில் வந்து இறங்கியது என்று நினைத்தீர்களானால் பெரியப்பாவுக்குக் கோபம் வரும். "எண்ணூர் வண்டிடா இது!" என்பார். வாஸ்தவம்தான். சுதந்திரம் வந்த மறு வருஷம், 1948-ல், ரகுநந்தன் சரண் என்பவர், நேருவின் தூண்டுதலால் மோட்டார்த் தொழிலில் இறங்கினார். தம் மகன் அசோக்கின் பெயரையே கம்பெனிக்கும் வைத்தார். அதுதான் அசோக் மோட்டார்ஸ். 1949-ல் எண்ணூரில் ஆஸ்டின் ஏ-40 கார்களைப் பூட்டத் தொடங்கினார்கள். பாகங்கள் இங்கிலாந்திலிருந்து பெட்டிகளில் வரும். முழு வண்டியாகச் சேர்ப்பது நம் ஊர்க் கைகள். பிறகு லேலண்டு கம்பெனி கூட்டுச் சேர்ந்தது. 1955-ல் பெயர் அசோக் லேலண்டு ஆயிற்று. கார் போய் லாரியும் பஸ்ஸும் வந்தன. எண்ணூர்ச் சின்ன ஆஸ்டினுக்கு அதோடு சந்ததி இல்லை.

பெரியப்பாவின் தகப்பனார் வாங்கிய அந்த வண்டி, பெரியப்பாவுக்குத் தம்பி மாதிரி. அவருக்கு இப்போது எண்பது வயசு. சென்ற கார்த்திகையில் எனக்கு டெலிபோன் செய்தார்.

"என் லைசென்ஸ் மாசியோட முடியறதுடா. கண் சரியில்லே. இனிமே புதுப்பிக்கறதா இல்லே. அதுக்குள்ளே ஒரு தடவை வண்டியை அது பொறந்த இடத்துக்கு ஓட்டிண்டு போய்க் காட்டிட்டு வரணும். எஞ்சின் ஓடறது. சக்கரத்தைப் பார்த்தாத்தான் வயிறு எரியறது. நீ வா."

போனேன். பார்த்தேன். எனக்கும் வயிறு எரிந்தது.

ஏ-40 பிறந்தபோது அதன் சக்கரங்களுக்குப் பெயிண்டுதான். நடுவில் மாட்டும் மூடிக்கு மட்டுமே குரோமியம். ஆனால் பெரியப்பாவுக்குக் கல்யாணம் நடந்தது 1974-ல். ஊர்வலத்துக்கு வண்டி ஜொலிக்கவேண்டும் என்று, கையிலிருந்த பணத்தைக் கொடுத்து ஒரு பட்டறையில் நான்கு சக்கரங்களுக்கும் குரோம் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். ஐந்தாவதான ஸ்டெப்னிக்குப் பணம் போதவில்லை. அது டிக்கிக்குள் பழைய பெயிண்டோடு படுத்துக்கொண்டது. இந்த ஏழை ஸ்டெப்னியை மறந்துவிடாதீர்கள். கதையில் பின்னால் வரும்.

இப்போது அந்த நான்கு சக்கரங்களும் அம்மை வார்த்த முகம்போல் இருந்தன. வெள்ளிப் பளபளப்புக்கு நடுவே பழுப்புப் புள்ளிகள். சில இடங்களில் புள்ளிகள் கூடித் திட்டுகள். விளிம்பில் இரண்டு இடத்தில் பூச்சு அப்பளம்போல் உப்பியிருந்தது.

இங்கே ஒரு சந்தேகம் உங்களுக்கு வரவேண்டும். குரோமியம் துருப்பிடிக்காது என்றுதானே சொல்கிறார்கள்? பிடிக்காதுதான். துருப்பிடிப்பது அதன் அடியில் இருக்கும் இரும்பு. வீட்டுச் சுவரை நினைத்துக்கொள்ளுங்கள். செங்கல், அதன்மேல் பூச்சு, அதன்மேல் வெள்ளை. சக்கரத்தில் செங்கல் என்பது இரும்பு. பூச்சு வேலையைச் செய்வது நிக்கல். சில சமயம் அதற்கும் அடியில் தாமிரம். குரோமியம் வெறும் வெள்ளையடிப்பு. எவ்வளவு கனம் என்கிறீர்கள்? உங்கள் தலைமயிர் ஒன்றின் கனத்தை இருநூறாகப் பங்கிட்டால் ஏறக்குறைய ஒரு பங்கு! அந்த மெல்லிய தோலில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகள் இருக்கும். உப்பும் ஈரமும் அதன் வழியே புகுந்து நிக்கலை அரித்து இரும்பைத் தொட்டுவிட்டால் போதும். துரு, தான் தின்ற இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும் சுபாவமுள்ளது. அதனால் உள்ளேயிருந்து முட்டிப் பூச்சைத் தூக்குகிறது. வெளியே நாம் பார்ப்பது ஒரு சின்னப் பழுப்புப் புள்ளி.

ஆக, எவ்வளவு குரோமியம் என்பதைவிட அடியில் எவ்வளவு நிக்கல் என்பதுதான் ஆயுளைத் தீர்மானிக்கிறது. கொரியா யுத்தம் நடந்த 1950-53-ல் அமெரிக்காவில் நிக்கலையெல்லாம் ஆயுதத் தொழில் இழுத்துக்கொண்டது. அப்போது வந்த கார்களில் நிக்கலைச் சிக்கனம் பண்ணிக் குரோமியம் பூசினார்கள். இரண்டொரு வருஷத்திலேயே பம்பர்கள் பல்லிளித்தன என்று பழைய கார்ப் பிரியர்கள் இன்றும் குறைப்படுவார்கள். நம் பக்கத்திலோ யுத்தமே தேவையில்லை. எண்ணூரிலிருந்து வரும் உப்புக் காற்று போதும். அதோடு அனல் மின் நிலையத்துப் புகையும் மணலித் தொழிற்சாலைகளின் புகையும் கலந்துகொண்டால் கேட்கவே வேண்டாம். திருவொற்றியூரில் பிறந்த புல்லட் மோட்டார் சைக்கிளைக் கடற்கரையோரமாக வைத்திருக்கிற யாரையாவது கேளுங்கள். அதன் குரோமிய வளையங்களைத் துடைத்துத் துடைத்தே கை ஓய்ந்த கதையைச் சொல்வார்.

இதெல்லாம் இப்போது எனக்குத் தெரிகிறது. அன்றைக்குத் தெரியவில்லை. தெரிந்திருந்தால், கழிவறை கழுவ வைத்திருந்த ஆஸிட் பாட்டிலைக் கொட்டகைக்கு எடுத்துப் போயிருக்கமாட்டேன்.

முதலில் ஒரு மூடியைக் கழற்றினேன். மேலே ஆஸிட்டை ஊற்றினேன். புஸ்ஸென்று புகை கிளம்பிற்று, மூக்கு எரிந்தது. ஆனால் ஐந்தே நிமிஷத்தில் துரு மாயம்! "பார்த்தீர்களா பெரியப்பா?" என்றேன். பெரியப்பா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "பேஷ்" என்றார். இருவருமாகக் காபி சாப்பிடப் போனோம்.

மறுநாள் காலையில் அந்த மூடி வெல்லம் காய்ச்சின கொப்பரை நிறத்தில் இருந்தது.

நடந்தது இதுதான். அந்த ஆஸிட், ஹைட்ரோகுளோரிக் அமிலம், துருவை மட்டும் தின்னுகிற பிராணியல்ல. குரோமியத்தையும் தின்றுவிடும். பட்டறைக்காரர்கள் பழைய குரோமியத்தை உரித்தெடுப்பதற்கே இதைத்தான் பயன்படுத்துகிறார்கள். நான் காசு கொடுத்து வாங்கி, கஷ்டப்பட்டு, இருந்த கொஞ்ச நஞ்சத் தோலையும் உரித்திருக்கிறேன்! நிக்கல் இளமஞ்சளாக எட்டிப் பார்த்தது. நிக்கலும் இல்லாத இடத்தில் அம்மணமாக நின்ற இரும்பு ராத்திரிக்குள் மறுபடி துருப்பிடித்துவிட்டது.

பெரியப்பா ஒன்றும் சொல்லவில்லை. பெரியம்மாதான் சொன்னாள். ஆனால் மூடியைப் பற்றியல்ல.

"அந்த ஆஸிட் தண்ணியை எங்கேடா கொட்டினே?"

"கிணத்தடியிலே."

"நன்னாயிருக்கு! மழை இல்லாம, 2019-லே இந்த ஏரி தரை தெரியக் காஞ்சு கிடந்தபோதுகூட, இந்தக் கிணத்துத் தண்ணிதான் தெருவுக்கே குடிக்கக் குடுத்தது. அதுலே கொண்டுபோய் விஷத்தைக் கொட்டினியா?"

எனக்குச் சுருக்கென்றது. ஒரு பாட்டில் ஆஸிட்டுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று நீங்கள் கேட்கலாம். ஒரு பாட்டிலோடு போனால் சரி. குரோமியச் சமாசாரத்தில் அதற்கு மேலும் ஒரு பயம் உண்டு. சக்கரத்தில் உலோகமாக ஒட்டியிருக்கும் குரோமியம் சாது, தொடலாம், துடைக்கலாம். ஆனால் முலாம் பூசும் தொட்டியில் கரைந்திருக்கும் மஞ்சள் குரோமியம் பொல்லாதது. அதன் ஆவி நுரையீரலில் புற்றுநோயை உண்டாக்கும்; கழிவு நிலத்தில் இறங்கினால் கிணறு கெடும். ராணிப்பேட்டையில் குரோமிய ரசாயனங்கள் செய்துவந்த ஒரு தொழிற்சாலை 1995-ல் மூடப்பட்டது. அது விட்டுச்சென்ற கழிவு சுமார் ஒன்றரை லட்சம் டன். தொழிற்சாலை போய்விட்டது, குவியல் பல்லாண்டுகள் அங்கேயே கிடந்தது. சுற்றுப்புற நிலத்தடி நீரில் மஞ்சள் இறங்கியது. ஆகையால், 'துருவா? எல்லாவற்றையும் உரித்துப் புதுசாகக் குரோம் போட்டுவிடு' என்று யாராவது சுலபமாகச் சொன்னால் நான் இப்போதெல்லாம் கொஞ்சம் தயங்குகிறேன். போடவே கூடாது என்று சொல்லவில்லை. கழிவு நீரை ஒழுங்காகச் சுத்திகரிக்கும் பட்டறையாகப் பார்த்துக் கொடுங்கள். அதற்கு முன்னால், இருக்கிற தோலைக் காப்பாற்ற முடியுமா என்று பாருங்கள் என்கிறேன்.

எப்படிக் காப்பாற்றுவது? அதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் ஜி.என்.டி. ரோட்டில், லாரிகள் வரிசை கட்டி நிற்கும் இடத்தில், டயர் கடை வைத்திருக்கும் ஒரு மேஸ்திரி. அவர் சக்கரத்தைப் பார்த்ததும் முதலில் செய்த காரியம், கட்டைவிரல் நகத்தால் புள்ளிகளின்மேல் மெதுவாக வருடியதுதான். நகம் வழுக்கிக்கொண்டு போனால் அது மேல் துரு, எடுத்துவிடலாம். நகம் தட்டினால் பூச்சு எழும்பிவிட்டது என்று அர்த்தம். அந்த இடத்தை எந்தச் சாமியாராலும் பழையபடி ஒட்டவைக்க முடியாது.

"வூட்ல சப்பாத்தி சுத்துற அலுமினியப் பேப்பர் கீதா ஸார்? எட்தாங்க" என்றார்.

பெரியம்மா சந்தேகத்தோடு கொடுத்தாள். முதலில் சோப்புத் தண்ணீரால் மண், கிரீஸ், பிரேக் தூள் எல்லாம் போகக் கழுவினோம். மண்ணோடு தேய்த்தால் மண்ணே உப்புத்தாளாகிவிடும். பிறகு அலுமினியத் தாளை உள்ளங்கை அகலத்துக்குக் கிழித்து, கசக்கி, தண்ணீரில் தோய்த்து, வட்ட வட்டமாகத் தேய்க்கவேண்டும். அலுமினியம் குரோமியத்தைவிட மெத்தென்றது, அதனால் கீறாது, துருவைமட்டும் வழித்துக்கொண்டு வரும். பலம் காட்டக்கூடாது. குழந்தைக்கு எண்ணெய் தேய்க்கிற அழுத்தம் போதும். கொஞ்ச நேரத்தில் கறுப்புச் சேறு மாதிரி வரும். துணியால் துடைத்துவிட்டுப் பார்த்தால், நம்புங்கள், கல்யாண மாப்பிள்ளை முகம் தெரியும்! ஒரு சக்கரத்துக்கு எனக்கு ஒரு முழுச் சாயங்காலம் பிடித்தது. பெரியப்பா முக்காலியில் உட்கார்ந்து இடது கை ஓரத்தை, நான் விட்ட இடத்தையெல்லாம், காட்டிக்கொண்டே இருந்தார்.

தாளுக்கு மசியாத பிடிவாதத் துருவுக்கு மிக மெல்லிய இரும்புக் கம்பளி உண்டு. கடையில் நாலு சைபர் நம்பர் என்று கேட்டால் கொடுப்பார்கள். எண்ணெய் தடவிக்கொண்டுதான் அதால் தேய்க்கவேண்டும். பாத்திரம் தேய்க்கும் முரட்டுக் கம்பி நார் கிட்டேயே வரக்கூடாது. ஒரு தரம் விழுந்த கீறல் விழுந்ததுதான்.

மூடிகளின் உள்பக்கத்துக்குப் பெரியம்மாவின் வைத்தியம் ஜெயித்தது. புளி! கரைத்த புளியில் அரைமணி ஊறவைத்தால் புளியிலிருக்கும் அமிலம் துருவை மெதுவாகக் கரைக்கிறது. ஆனால் ஒன்று. பித்தளைக் குடத்துக்குச் செய்வதுபோல் புளியோடு உப்பைச் சேர்த்துவிடாதீர்கள். எந்த உப்புக்குப் பயந்து இவ்வளவு பாடு படுகிறோமோ, அதையே கையால் பூசியதாக ஆகும். ஊறியபின் நல்ல தண்ணீர், பிறகு ஒரு சிட்டிகை சமையல் சோடா கரைத்த தண்ணீர், மறுபடி நல்ல தண்ணீர். உடனே துடைத்து வெயிலில் வைக்கவேண்டும். காய்ந்ததும் கார் மெழுகு. பெரியப்பா தேங்காயெண்ணெய் போதுமென்று வாதாடினார். இரண்டு நாளைக்குப் போதும். மூன்றாம் நாள் புழல் ரோட்டுப் புழுதியெல்லாம் அதன்மேல் குடியேறிவிடும்.

துரு போன இடத்தில் ஊசிமுனைக் குழிகள் கரும்புள்ளியாக நிற்கும். அலுமினியப் பெயிண்டை மெல்லிய தூரிகையால் ஒவ்வொரு குழிக்கும் ஒரு சொட்டாக வைத்துக் காயவிட்டு, மேலே வழிந்ததைத் துடைத்தால் இரண்டடி தள்ளி நிற்பவருக்குத் தெரியாது. கிட்டே வந்து பார்க்கிறவர்களுக்கு நீங்கள் பதில் சொல்லவேண்டியதில்லை.

சக்கரத்தின் முதுகுப்புறம் யாரும் பார்க்காத இடம். அதனாலேயே அங்கேதான் ஆபத்து. காற்றை முழுவதும் இறக்கி, டயரையும் டியூபையும் எடுத்துவிட்டுப் பார்த்தபோது உள்ளே துரு ஏடு ஏடாக உதிர்ந்தது. கம்பித் தூரிகையால் சுரண்டி, துருவைக் கறுப்பாக மாற்றி நிறுத்தும் திரவம் ஒன்றைத் தடவினோம். டானிக் அமிலம் சேர்ந்த சரக்கு அது. நம் பாட்டன்மார் கடுக்காயையும் இரும்பையும் சேர்த்து மை காய்ச்சினார்களே, அதே வித்தைதான். டப்பாவில் அடைத்து விலை போட்டிருக்கிறார்கள். அதன்மேல் பிரைமர், அதன்மேல் பெயிண்டு.

மூன்று சக்கரங்கள் இப்படித் தேறிவிட்டன. நாலாவது, டிரைவர் பக்கத்து முன் சக்கரம். நான்கிலும் மிக அழகாக இருந்தது அதுதான். புள்ளியே அதிகமில்லை. பெரியப்பா அதைத் தட்டிக்கொடுத்து, "இதுக்கு வேலையே இல்லேடா" என்றார்.

மேஸ்திரிக்கு அது பிடிக்கவில்லை. சக்கரத்தின் தட்டும் வெளி வளையமும் சேருமிடத்தில் நீளமாக ஒரு பழுப்புக் கோடு வழிந்திருந்ததைக் காட்டினார். முலாம் போட்ட அன்றைக்கு அந்த இடுக்கில் தங்கிய அமிலமும் ஈரமும் உள்ளேயே இருந்து வேலை செய்திருக்கவேண்டும் என்றார். பிறகு ஒரு சோதனை செய்தார். போல்ட் துளைகளைச் சுற்றித் துடைத்துவிட்டு மண்ணெண்ணெய் தடவினார். கால்மணி கழித்து அதை நன்றாகத் துடைத்துவிட்டு, சாக்கட்டியைப் பொடித்துத் தூவினார். பீடியை அணைத்துவிட்டுத்தான் இவ்வளவும்! வெடிப்பு இருந்தால் அதற்குள் புகுந்த எண்ணெய் மெதுவாகக் கசிந்து, வெள்ளைப் பொடியில் கோடு போட்டுக் காட்டிக்கொடுத்துவிடும்.

மூவரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு துளையிலிருந்து அடுத்த துளையை நோக்கி, சுண்டுவிரல் நீளத்துக்கு, மெல்லிய ஈரக்கோடு ஒன்று எழுந்தது.

"இன்னா ஸார் இது! மேலே பளபளா, உள்ளே பொலபொலா" என்றார் மேஸ்திரி.

"வெல்ட் வச்சா?" என்று கேட்டார் பெரியப்பா.

"வெய்க்கலாம். அப்பால வண்டில நீங்க குந்தாதீங்க. எண்ணூர் ரோட்ல கண்டெய்னர் லாரி போற வேகத்துல முன் வீல் வுட்டுச்சின்னா... வாணாம் ஐயா."

பெரியப்பா பேசவில்லை. கல்யாணத்துக்காக அவர் குரோம் போட்ட சக்கரம். ஐம்பது வருஷமாகத் துடைத்த சக்கரம். அதன் பளபளப்புக்கு அடியில் இப்படி ஒரு கோடு எத்தனை நாளாக இருந்ததோ! அதை ஓட்டிக்கொண்டுதானே குழந்தைகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டார். பெயிண்டு அடித்த சக்கரமாக இருந்திருந்தால் சில வருஷத்துக்கு ஒரு தரம் சுரண்டிப் பார்த்து அடித்திருப்பார். வெடிப்பு அப்போதே தெரிந்திருக்கும். இது மின்னிக்கொண்டே இருந்ததால் யாரும் சுரண்டிப் பார்க்கவில்லை.

பெரியம்மா கொட்டகை வாசலில் நின்றிருந்தாள். "டிக்கியிலே ஒண்ணு இருக்கே, அது என்ன பண்றது?" என்றாள்.

ஸ்டெப்னியை வெளியே எடுத்தோம். பெயிண்டு மங்கியிருந்ததே தவிர இரும்பு உறுதியாக இருந்தது. மண்ணெண்ணெய்ச் சோதனையில் பொடி வெள்ளையாகவே நின்றது. கொரியாவும் பட்டறையும் தொடாத எண்ணூர்ச் சக்கரம்! மேஸ்திரி எல்லாவற்றுக்கும் புது டியூபும் டயரும் போட்டு மாட்டினார். ஓடுவதற்கு இருந்தது நாலுதான். மாற்றுச் சக்கரம் இல்லாமல் புறப்படுவதை மேஸ்திரி ஒப்பவில்லை. தாமே பஞ்சர் சாமான்களோடு பின் ஸீட்டில் ஏறிக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்.

மாசி முதல் வாரத்து ஞாயிற்றுக்கிழமை, விடிகாலையில் புறப்பட்டோம். மூன்று சக்கரம் குரோமியம், ஒரு சக்கரம் பச்சைப் பெயிண்டு. "மூணு தங்கப் பல்லு, ஒரு சொந்தப் பல்லு" என்றாள் பெரியம்மா. மாதவரம் தாண்டி, மணலி தாண்டி, மணிக்கு முப்பது மைலுக்கு மேல் போகாமல் பெரியப்பா ஓட்டினார். லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டு முந்தின. சில டிரைவர்கள் தலையை வெளியே நீட்டிச் சிரித்தார்கள். ஒருவர் சல்யூட் அடித்தார்.

எண்ணூரில் தொழிற்சாலைக்கு எதிர்ப்புறமாக, ஓரங்கட்டி நிறுத்தினார். எஞ்சினை அணைக்கவில்லை. மதிலையும் கேட்டையும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இறங்கி, பச்சைச் சக்கரத்தின் பக்கம் வந்து குனிந்து, தோள் துண்டால் அதன் மூடியைத் துடைத்தார். நான் ஆஸிட் ஊற்றிக் கெடுத்த மூடி அது. வேண்டுமென்றேதான் அங்கே மாட்டியிருக்கிறார் என்று அப்போதுதான் புரிந்தது.

கடலிலிருந்து காற்று அடித்தது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மறுபடி ஏறினார்.

"ஆத்துக்குப் போனதும் நாலையும் நல்ல தண்ணியிலே அலம்பிடு. உப்புக் காத்துடா இது" என்றார்.